முதல் மைப்பேனா: ப்ரெப்பியா, ககுனோவா, சஃபாரியா?

மைப்பேனாவில் எழுத ஆசைப்பட்டுத் தேடத் தொடங்குபவரை முதலில் குழப்புவது விலைதான். ஒரே நிறுவனத்தின் பேனாக்கள், பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி நிப், ஆனால் ஒன்றின் விலைக்கு இன்னொன்றைப் பத்து வாங்கிவிடலாம். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் மலிவானதில் ஏதோ குறை இருக்கத்தான் வேண்டும் என்று மனம் சொல்லும். முதல் பேனாவைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்பேன். மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் உள்ள பேனாக்களிலேயே நம் கைக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் போதும். பிளாட்டினம் ப்ரெப்பி, பைலட் ககுனோ, அதன் உடன்பிறப்பான மெட்ரோபாலிட்டன், லாமி சஃபாரி, ட்விஸ்பி ஈக்கோ, ஜின்ஹாவ் ஆகியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வேறு பல நல்ல பேனாக்களும் உண்டு. ஆனால் பேனா, நிப், கார்ட்ரிட்ஜ் (மை அடைத்து வரும் சிறு குழாய்), கன்வெர்ட்டர் (அந்த இடத்தில் பொருத்திப் புட்டி மையை உறிஞ்சி நிரப்பும் குழாய்) எல்லாமே சிரமமில்லாமல் கிடைப்பது என்று பார்த்தால் பட்டியல் இப்படித்தான் சுருங்குகிறது.

பணம் எங்கே போகிறது?

காகிதத்தைத் தொடுவது நிப்பின் நுனியில் பற்றவைக்கப்பட்டிருக்கும் சிறு உருண்டை. நிப் தங்கமானாலும் எஃகானாலும் அந்த உருண்டை தேய்மானத்தைத் தாங்கும் கடினமான உலோகக் கலவைதான். வழுக்கிக்கொண்டு எழுதுகிறதா, சொரசொரக்கிறதா என்பதை முடிவுசெய்வது அதை எவ்வளவு நேர்த்தியாக மெருகேற்றியிருக்கிறார்கள் என்பதே. தங்க நிப்புக்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. அன்றைய இரும்பு மைகளில் அமிலத்தன்மை அதிகம். சாதாரண எஃகை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. துருப்பிடிக்காத எஃகும், சாயத்தை நீரில் கரைத்த சாதுவான மைகளும் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. தங்க நிப்பில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் குணமும் அழகும் மிச்சம். அதை ரசிப்பவர்கள் உண்டு, நானும் ரசிக்கிறேன். ஆனால் முதல் பேனாவுக்கு அது தேவையில்லை.

நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் கதையும் இதுதான். மை கீழே இறங்க வேண்டும், அதே வேகத்தில் காற்று மேலே ஏற வேண்டும். இந்த இரண்டையும் ஒரு கட்டையில் வெட்டிய மெல்லிய கால்வாய்களால் ஒழுங்குபடுத்தி லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார். பிறகு வெகுகாலம் கட்டைகளை எபொனைட் என்ற கடின ரப்பரில் கடைந்து வெட்டினார்கள். இன்று அதே கால்வாய்களையும், அதிகப்படி மையைப் பிடித்துவைக்கும் மெல்லிய அடுக்குகளையும் பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்து எடுக்கிறார்கள். அச்சு சரியாக அமைந்துவிட்டால் ஆயிரமாவது கட்டையும் முதல் கட்டையைப் போலவே இருக்கும். மலிவான பேனா ஒழுகாமல், திக்காமல் எழுதுவதற்கு முக்கியக் காரணம் இந்த அச்சுத்தான்.

கூடுதல் பணம் எங்கே போகிறது என்பதை நிறுவனங்களின் பேனா வரிசையே காட்டிக்கொடுக்கிறது. ப்ரெப்பியில் இருக்கும் நிப்பைத்தான் பிளாட்டினம் தன் அலுமினிய உடல் கொண்ட பிளெசிரிலும் பொருத்துகிறது. ககுனோ, மெட்ரோபாலிட்டன், ப்ரேரா மூன்றிலும் பைலட் பயன்படுத்துவது ஒரே வகை நிப். ஒன்றிலிருந்து உருவி இன்னொன்றில் செருகலாம். சஃபாரியின் நிப் அதே நிறுவனத்தின் ஏஎல்-ஸ்டாரிலும் விஸ்டாவிலும் ஸ்டூடியோவிலும் வருகிறது. ஆக, இந்த மட்டத்தில் விலை ஏற ஏற மாறுவது உடலும் பூச்சும் எடையும்தான். எழுத்து அப்படியேதான் இருக்கும். இது தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்தது: முதலில் நிப், அப்புறம் பிடி, கடைசியில் மை நிரப்பும் முறை.

நிப்பின் பருமன்: தமிழ் எழுதுபவர் பார்க்க வேண்டியது

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். நிப்பைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. ‘வண்ணம்’ என்று சாதாரண நோட்டுக் கோட்டுக்குள் எழுதிப் பாருங்கள். ண-வின் சுழிகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருக்காது. அதற்குள் மீடியம் நிப்பின் கோடு போய்த் திரும்பினால் நடுவில் வெள்ளையே தெரியாது, சுழி மைப்பொட்டாகிவிடும். ‘ஞ’, ‘ஐ’, ‘ஜ’, ‘ணூ’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஈரம் அதிகம் விடும் நிப்பானால் ‘ண்’ மேலிருக்கும் புள்ளியும் ஊறிப்போய் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் தமிழில் சிறிய எழுத்தாக எழுதுபவருக்கு ஜப்பானிய ஃபைன் அல்லது எக்ஸ்ட்ரா ஃபைன்தான் பொருத்தம். ஜப்பானிய நிப்புகள் பொதுவாக ஐரோப்பிய நிப்புகளைவிட ஒரு படி மெல்லியவை. லாமியின் எக்ஸ்ட்ரா ஃபைன் பைலட்டின் மீடியத்தை நெருங்குவதுண்டு. ஒரே ‘ஃபைன்’ என்ற பெயரை நம்பிச் சஃபாரியும் ககுனோவும் வாங்கினால் இரண்டும் இரண்டு உலகம். பெரிய எழுத்தாக, வரி விட்டு வரி எழுதுபவருக்கும், மையின் நிறம் தெரிய வேண்டும் என்பவருக்கும் மீடியம் நன்றாகவே இருக்கும். வளைவுகளில் மை தேங்கி நிறம் கூடியும் குறைந்தும் தெரிவது மெல்லிய நிப்பில் கிடைக்காத இன்பம்.

பிளாட்டினம் ப்ரெப்பி

2007இல் வந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உடல், உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று எப்போதும் தெரியும். 02, 03, 05 என்று மூன்று அளவுகள். முறையே எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம். இந்த விலையில் இப்படி ஒரு மூடி எப்படிக் கொடுக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. மூடிக்குள் ஸ்பிரிங்கோடு இன்னொரு சிறு மூடி இருக்கிறது. வெளிமூடியைப் போடும்போது உள்மூடி நிப்பைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருடம் எழுதாமல் வைத்தாலும் மை காயாது என்கிறது நிறுவனம். வாரக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு எடுத்தாலும் முதல் எழுத்திலேயே மை வருவதை நான் கண்டிருக்கிறேன். எப்போதாவது எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. காய்ந்து அடைத்துக்கொண்ட பேனாவை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருப்பதால்தான் பலர் மைப்பேனாவையே கைவிடுகிறார்கள்.

குறை உடலில். பிளாஸ்டிக் மெல்லியது, மூடியின் விளிம்பில் கீறல் விழுவதும் கிளிப் உடைவதும் சகஜம். எழுத்து பிடித்திருக்கிறது, உடலின் உறுதி போதவில்லை என்றால் அதே நிப்போடு பிளெசிருக்கு மாறிக்கொள்ளலாம். 02 நிப் மிக மெல்லியது என்பதால் சொரசொரப்பான காகிதத்தில் கொஞ்சம் கீறும். தமிழுக்கு 03 போதும்.

பைலட் ககுனோவும் மெட்ரோபாலிட்டனும்

ககுனோ சிறுவர்களுக்கென்று 2013இல் செய்யப்பட்டது. நிப்பில் சிரிக்கும் முகம் ஒன்று பொறித்திருக்கிறது. அழகுக்கு மட்டும் பொறித்ததில்லை. அந்த முகம் எழுதுபவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். முகம் சாய்ந்தால் நிப் திரும்பிவிட்டது. மைப்பேனா புதிதாகப் பழகும் பெரியவர்களுக்கும் இது அருமையான வழிகாட்டி, ஏனென்றால் புதியவர்கள் திணறுவது பெரும்பாலும் நிப்பைத் திருப்பிப் பிடிப்பதால்தான். பிடிக்கும் இடம் மென்மையான முக்கோணம், விரலை வற்புறுத்தாது. அறுகோண மூடி மேஜையில் உருளாது. கிளிப் இல்லை, சட்டைப் பையில் குத்திக்கொண்டு போகிறவருக்கு இது ஒத்துவராது.

மெட்ரோபாலிட்டன் 2012இல் வந்தது. சில நாடுகளில் கொகூன் என்றும் எம்ஆர் என்றும் பெயர். பித்தளை உடல், சுமார் 26 கிராம். கையில் எடுத்ததும் விலை உயர்ந்த பேனாவோ என்று தோன்றும். பரிசாகக் கொடுக்க, அலுவலகக் கூட்டத்தில் எடுத்து எழுத இதுவே ஏற்றது. ஆனால் உடலும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. பேனாவை உயரமாகப் பிடிப்பவர் விரலில் அது உறுத்தும். பக்கம் பக்கமாக எழுதும்போது எடையும் தெரியும். ஐரோப்பாவில் விற்கும் எம்ஆர், பல நிறுவனங்களின் பேனாக்களுக்கும் பொருந்தும் பொதுவகைக் கார்ட்ரிட்ஜ் ஏற்கும். மற்ற இடங்களில் விற்பவை பைலட்டின் சொந்தக் கார்ட்ரிட்ஜை மட்டும் ஏற்கும். வாங்கும் முன் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தயக்கமே இல்லை, ககுனோதான். எழுத்து ஒன்றே, எடை குறைவு, எக்ஸ்ட்ரா ஃபைன் நிப்போடும் கிடைக்கிறது. மெட்ரோபாலிட்டனின் உடலும் ககுனோவின் எக்ஸ்ட்ரா ஃபைன் நிப்பும் சேர்ந்து வேண்டும் என்பவர்கள் இரண்டையும் வாங்கி நிப்பை மாற்றிக்கொள்கிறார்கள். நிப்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து நேராக உருவினால் வந்துவிடும்.

லாமி சஃபாரி

1980இல் வொல்ஃப்காங் ஃபாபியான் வடிவமைத்தது. பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கி, இன்று மைப்பேனா என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் உருவமாகிவிட்டது. முரட்டுத்தனமான நல்ல பிளாஸ்டிக், கம்பியை வளைத்த மாதிரிப் பெரிய கிளிப், மை தெரிய ஒரு ஜன்னல். கீழே விழுந்து எழுந்து வருடக்கணக்கில் உழைக்கக்கூடியது. நிப்பை மாற்றுவது இதில்போல வேறெதிலும் சுலபமில்லை. நிப்பின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி முன்னோக்கி இழுத்தால் நிப் மட்டும் கழன்று வரும், கட்டை அங்கேயே இருக்கும். புதிய நிப்பைச் செருகினால் முடிந்தது. எக்ஸ்ட்ரா ஃபைனிலிருந்து பட்டையான 1.9 மில்லிமீட்டர் வரை, இடக்கையர் நிப் உட்பட, தனியாகவே விற்கிறார்கள். ஒரே பேனாவில் பல பருமன்களைப் பழகிப்பார்க்க விரும்புபவருக்கு இது பெரும் சலுகை.

ஆனால் சஃபாரி எல்லோருக்கும் ஆகாது. பிடிக்கும் இடம் தெளிவாகச் செதுக்கிய முக்கோணம். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதற்கென்று வெட்டிய தட்டையான இடங்களில் உட்கார வேண்டும். இயல்பாகவே அப்படிப் பிடிப்பவருக்கு அது சொர்க்கம். பேனாவைச் சற்று உருட்டிப் பிடிப்பவருக்கோ, நிப்பை நேராக்கினால் விளிம்பு விரலில் வெட்டும், விரலை வசதியாக்கினால் நிப் சாயும். சில பக்கங்கள் எழுதியதும் தெரிந்துவிடும். கன்வெர்ட்டரைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். கார்ட்ரிட்ஜும் லாமியின் சொந்த வகை. வாங்கும் முன் ஒரு முறையாவது கையில் பிடித்துப் பார்க்க முடிந்தால் சஃபாரியை எடுங்கள். முடியாவிட்டால் ககுனோதான் பத்திரமான தேர்வு.

ட்விஸ்பி ஈக்கோ

2015இல் தைவானிலிருந்து வந்தது. இந்தப் பட்டியலில் விலை கூடியது. பின்முனையைத் திருகினால் பிஸ்டன் மேலும் கீழும் போகும். நிப்பை மைப்புட்டியில் முக்கி உடல் முழுவதும் மை ஏற்றலாம். கொள்ளளவு சுமார் 1.76 மில்லிலிட்டர். பைலட்டின் கான்-40 கன்வெர்ட்டரில் சுமார் 0.4தான் பிடிக்கும் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பக்கம் எழுதுபவர் நடுவில் மை தீர்ந்து எழுந்திருக்க வேண்டியதில்லை. பிஸ்டனைக் கழற்றச் சாவியும், தடவச் சிலிக்கோன் பசையும் பெட்டியிலேயே வருகின்றன.

கார்ட்ரிட்ஜ் போட வழியே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. புட்டி மை வீட்டில் இருந்தால்தான் இதற்கு வாழ்வு. நிறத்தை அடிக்கடி மாற்றுபவருக்கும் இது தோதுப்படாது, அவ்வளவு பெரிய வயிற்றைக் கழுவி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். எழுத்தே தொழிலாக உள்ளவருக்கு இரண்டாவது பேனாவாக நான் தயங்காமல் சொல்வேன். முதல் பேனாவாகச் சொல்ல மாட்டேன்.

ஜின்ஹாவும் மற்றவையும்

ஜின்ஹாவின் எக்ஸ்450, எக்ஸ்750 போன்ற பேனாக்களின் கவர்ச்சி, அந்த விலைக்குக் கனமான உலோக உடலும் பெரிய நிப்பும் கூடவே கன்வெர்ட்டரும் கிடைப்பது. பொதுவகைக் கார்ட்ரிட்ஜ் ஏற்கும் என்பது கூடுதல் வசதி. ஆனால் ஒரே மாதிரிப் பேனாவில் ஒன்று வழுக்கிக்கொண்டு எழுதும், அடுத்தது திக்கும். நிப்பைத் தானே சரிசெய்யத் தெரிந்தவருக்கு இது விளையாட்டுக் களம். முதல்முறை வாங்குபவருக்குத் திக்கும் பேனா கிடைத்தால், மைப்பேனாவே இப்படித்தான் போலும் என்று ஒதுங்கிவிடுவார். அந்த ஆபத்துக்காகவே இதை முதல் தேர்வாகச் சொல்லத் தயங்குகிறேன்.

தூக்கியெறியும் வகை, அதாவது பைலட் வார்சிட்டி போன்றவை, நன்றாகவே எழுதும். மை தீர்ந்ததும் குப்பை. மறுபடி நிரப்பக்கூடிய ப்ரெப்பி இருக்கும்போது அதற்குக் காரணமே இல்லை.

எங்கும் கிடைப்பது ஏன் முக்கியம்?

மலிவு என்பதைவிட எங்கும் கிடைப்பது என்ற குணத்துக்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். பேனா வாங்குவது ஒரு நாள் வேலை. கார்ட்ரிட்ஜ் வாங்குவது வருடம் முழுக்க வரும் வேலை. பிளாட்டினம், பைலட், லாமி மூன்றும் தத்தமக்கென்று தனிக் கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கின்றன; ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. அந்த நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் உங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கவில்லையென்றால் எவ்வளவு நல்ல பேனாவும் டிராயரில் தூங்கும். ஆகவே பேனாவைத் தேடும் முன் அதன் கார்ட்ரிட்ஜையும் கன்வெர்ட்டரையும் தேடிப் பாருங்கள். பிளாட்டினம் பேனாவில் பொதுவகைக் கார்ட்ரிட்ஜைப் பொருத்த ஒரு சிறு இணைப்புத் துண்டும் கிடைக்கிறது. இதெல்லாம் இல்லாவிட்டாலும், காலியான கார்ட்ரிட்ஜை ஊசி கழற்றிய சிரிஞ்சால் புட்டி மை கொண்டு பலமுறை நிரப்பிக்கொள்ளலாம். வாய் தளர்ந்தால் தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதான்.

ப்ரெப்பிக்கு இன்னொரு வழியும் உண்டு. உடலும் பிடியும் சேரும் திருகில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, சிலிக்கோன் பசை தடவி, மையை நேராக உடலுக்குள்ளேயே ஊற்றலாம். கன்வெர்ட்டரைவிடப் பல மடங்கு மை பிடிக்கும். மை பாதிக்குக் கீழ் போனதும் கையின் சூட்டில் உள்ளே உள்ள காற்று விரிந்து நிப்பில் சொட்டுக் கட்டும் என்பதால், அந்த நேரத்தில் நிரப்பிவிடுவது நல்லது.

மலிவு தரும் இன்னொரு நன்மை கைப்பழக்கத்தில் இருக்கிறது. பால்பாயிண்டில் பசைபோன்ற மையை உருட்டி இறக்க அழுத்த வேண்டும். மைப்பேனாவில் மை தானாக இறங்கும், அழுத்தினால் நிப்பின் இரு கால்களும் விரிந்துவிடும். பல வருடப் பால்பாயிண்ட் பழக்கம் உள்ள கை முதல் சில வாரங்கள் அழுத்தத்தான் செய்யும். அந்த வாரங்களை ப்ரெப்பியோடு கழிக்கும்போது பயமில்லாமல் எழுத முடிகிறது. கேட்டவருக்குக் கொடுக்க முடிகிறது. பையில் சாதாரணமாகப் போட்டுக்கொண்டு போக முடிகிறது.

என் தேர்வு

எந்தப் பருமன் ஒத்துவரும் என்றே தெரியாதவர், எப்போதாவது எழுதுபவர், இருவருக்கும் ப்ரெப்பி 03. தினமும் எழுத வேண்டும், வருடக்கணக்கில் கூட இருக்க வேண்டும் என்றால் ககுனோ ஃபைன். எழுத்து பொடியென்றால் எக்ஸ்ட்ரா ஃபைன். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ககுனோ. இடக்கையருக்குச் சஃபாரியின் இடக்கை நிப் கைகொடுக்கலாம். ஆனால் எழுதிய வரியின் மேல் கை போகிறவர் என்றால், நிப்பைவிடச் சீக்கிரம் காயும் மையும் மெல்லிய கோடும்தான் அதிகம் உதவும். அதற்கு மறுபடியும் ஜப்பானிய ஃபைனே.

மை எதுவானாலும் மைப்பேனாவுக்கென்று செய்ததாக இருக்கட்டும். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்கில் அரக்கு கலந்திருக்கும். கட்டைக்குள் காய்ந்தால் கால்வாய்கள் திறக்கவே திறக்காது. காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மை ஊறிப் பரவினால் முதலில் மெல்லிய நிப்புக்கு மாறிப் பாருங்கள், காகிதத்தைப் பிறகு மாற்றலாம்.

புதுப் பேனா முதல் நாளே திக்கினால் உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தயாரிப்பின்போது தங்கிய எண்ணெய்ப் பிசுக்கு கட்டையில் இருந்தால் மை சரியாக இறங்காது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி விட்ட சாதாரண நீரில் நிப்பையும் கட்டையையும் அலசி, நல்ல நீரில் மறுபடி அலசி, காயவைத்து மை போடுங்கள். சுடுநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அப்போதும் கீறினால் நிப்பை வெளிச்சத்துக்கு நேரே, நுனி உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். நடுப்பிளவின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கித் தெரிந்தால், இறங்கியிருப்பதை நகத்தால் அடியிலிருந்து மிக மெல்லத் தூக்கிவிட்டு எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.